மணியை உருக்கிய காசு

காபி ஆறிவிடும், குடியுங்கள் வான்மதி. சர்க்கரை குறைவாகத்தான் போட்டிருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு இங்கே என்ன நடந்தது என்று கேட்க சான் ஹோசேயிலிருந்து இந்த நியூஜெர்சி பார்சிப்பனிக்கு வந்திருக்கிறீர்கள். இத்தனை வருடத்தில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

சேனாபதி அங்கிள் பழைய நாணயங்கள் சேர்ப்பவர். நானும்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்தால் நேரே அவர் வீட்டுக்குப் போவேன். அவர் மனைவி ராஜலக்ஷ்மி ஆன்ட்டி ஸ்ட்ரோக் வந்து பேச்சிழந்திருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் உங்கள் அம்மாவை, எழிலரசி அக்காவை, ஊரிலிருந்து வரவழைத்திருந்தார்கள். உங்கள் அம்மா ஊட்டினால் மட்டும் ஆன்ட்டி வாய் திறப்பார்.

அங்கிளிடம் ஒரு காசு இருந்தது. பிரெஞ்சுப் புரட்சி சமயம், சர்ச் மணிகளை உருக்கிக் காசடித்தால் சரிவருமா என்று சோதனைக்காகச் சில அடித்துப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று. புழக்கத்துக்கே வராதது. ஓரத்தில் பொடி விரிசல். பதினோரு வருடம் கேட்டேன். "நான் போனப்புறம் பாத்துக்கலாம்டா" என்று சிரிப்பார்.

அன்று மத்தியானம் அவர் போன் பேச மாடிக்குப் போனார். காசை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். திரும்பினால் வீல்சேரில் ஆன்ட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கால்வரை போர்வையை இழுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் அங்கிள் போனில் கூப்பிட்டார். காசைக் காணோம் என்றார்.

"மொதல்ல என் வீட்ட செக் பண்ணுங்க அங்கிள்" என்றேன்.

"சீ, உன்னையா சந்தேகப்படுவேன்?"

"வேற யாரையும் நான் சொல்ல மாட்டேன். பாவம், கஷ்டப்பட்டவங்க."

கவனியுங்கள், நான் பெயர் சொல்லவில்லை.

அக்காவின் பெட்டியை ஹாலில் கொட்டினார்கள். இரண்டு புடவை, தைலம், பள்ளிக்கூட யூனிஃபார்மில் உங்கள் போட்டோ. காசு இல்லை. அதற்குள் எங்கேயோ விற்றுவிட்டாள் என்றார் அங்கிள். போலீஸ் வேண்டாம் என்று அவரைத் தடுத்தவன் நான். அதற்கு ஆன்ட்டி தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினார். வலி என்று நினைத்து மாத்திரை கொடுத்தார்கள். அக்கா போனபிறகு யார் ஊட்டினாலும் அவர் சாப்பிடவில்லை. ஐந்தாவது வாரம் இறந்தார். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

ஊரில் அம்மாவைத் திருடி என்றே பேசினார்கள், ஜனவரியில் சாகும்வரை அந்தப் பெயர் போகவில்லை என்கிறீர்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. காசு உள்ளே அலமாரியில்தான் இருக்கிறது. வாரம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன். கொஞ்ச நாளாக அதன் பெட்டியை எடுத்தாலும் திறக்காமலே திரும்ப வைத்துவிடுகிறேன்.

அம்மாவை நுவார்க் ஏர்போர்ட்டுக்கு டிரைவ் பண்ணிக் கொண்டுபோனது நான்தான். பெட்டியையும் நான்தான் தூக்கினேன். உள்ளே போகுமுன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களாவது என்ன நம்புறீங்களா தம்பி?"

"நம்புறேன்க்கா" என்றேன்.

நிம்மதியாக அழுதார். அதை உங்களிடம் சொல்லியிருப்பாரே. அந்த வீட்டில் உங்கள் அம்மாவை நம்பிய ஒரே மனுஷன் நான்தான் வான்மதி.