சார்ஜ் என்ற சொல்லும் எங்கள் ஏழு கையெழுத்தும்

வெண்கல்மேடு கலைமகள் உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தோராண்டு ஆங்கில ஆசிரியையாகவும், அவற்றுள் ஒன்பதாண்டு பொறுப்புத் தலைமையாசிரியையாகவும் பணியாற்றி இன்று ஓய்வுபெறும் திருமதி த. தமிழ்மொழி அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உள்ளம் கொதித்து வாசிக்கும் மடல்.

ஆங்கிலம் கற்பித்த தமிழ்மொழியே! சாக்பீஸ் தூளையும் சுண்ணாம்புக்கல் புழுதியையும் சரிபாதியாகச் சுவாசித்த எங்கள் தலைவியே! பிள்ளைகளுக்கு அஞ்சாமை கற்பித்து, எங்களுக்கு மட்டும் அதைக் கற்பிக்க முடியாமற்போன அம்மையே! வணக்கம்.

அம்மா, மடல் எழுதும் வேலை தமிழாசிரியன் என்பதால் மணிவேலாகிய என் தலையில் விழுந்தது. அரியலூரில் மடல் அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தரும் கடைக்குப் போனேன். "பேரு, எத்தன வருஷ சர்வீஸு, ரெண்டும் சொல்லுங்க சார். பாக்கியெல்லாம் எங்ககிட்ட ரெடியா இருக்கு" என்றார் கடைக்காரர். எடுத்துக் காட்டினார். அன்பின் சிகரமாம், பண்பின் பெட்டகமாம், கருணைக் கடலாம். போன வாரம் ஓய்வுபெற்ற யாரோ ஒரு கிளார்க்குக்கும் அதே கடல்தான். வந்த எரிச்சலில் வெறுங்கையோடு பஸ் ஏறிவிட்டேன்.

பள்ளி வாயிலில் நீங்கள் மாட்டிய கரும்பலகையைச் சொல்லாமல் உங்களை எப்படிப் பாராட்டுவது? திங்கட்கிழமைதோறும் அதில் ஓர் ஆங்கிலச் சொல் எழுதுவீர்கள். ஊரில் அந்தச் சொல் எங்கெங்கே எப்படியெப்படிப் புழங்குகிறது என்று பிள்ளைகள் வீடு வீடாகக் கேட்டு வர வேண்டும். சென்ற ஆண்டு ஆனி மாதம் எழுதிய சொல் சார்ஜ். மூன்று வாரம் ஆகியும் அது தீரவில்லை. செல்போனில் ஏற்றுவது சார்ஜ். பெரம்பலூர் போகப் பஸ்ஸில் கொடுப்பது சார்ஜ். கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் செய்வது லத்தி சார்ஜ். குவாரியில் வேலை பார்க்கும் ராஜா தன் மகளிடம், "பாறையில ஓட்ட போட்டு வெடி மருந்து வப்போம்ல, அதுக்கும் சார்ஜுன்னுதான் பேரு. டீச்சர்கிட்ட போயி சொல்லு" என்று சொல்லியனுப்பினார். அந்த மகள்தான் ஏழாம் வகுப்பு மேகலா.

எல்லாம் சேர்ந்தபின் அதன் பிறப்பைச் சொன்னீர்கள். லத்தீன் மொழியில் வண்டியைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து, வண்டியில் சுமை ஏற்றுவதைக் குறிக்கும் சொல் பிறந்து, பிரான்சு தேசத்து வாய்களில் உருண்டு, ஆங்கிலத்தில் சார்ஜ் என்று வந்து நின்றதாம். கார் என்பதும் அதே குடும்பமாம். ஒருவர்மேல் கடமையை ஏற்றினாலும், கட்டணத்தை ஏற்றினாலும், குற்றத்தை ஏற்றினாலும் மூலம் அந்த வண்டிச் சுமைதானாம். பிறகு பிள்ளைகளிடம் கேட்டீர்கள்: "ஏத்துறது யாரு, சொமக்கிறது யாரு? அத மொதல்ல பாருங்க. எந்த அர்த்தம்னு தானா தெரிஞ்சிடும்."

அதே கேள்வியை உங்கள் பணிவாழ்க்கையிடம் கேட்டுப் பார்த்தோம். வயிறு எரிகிறது. தலைமையாசிரியர் பணியிடம் ஒன்பதாண்டாகக் காலி. நிர்வாகம் நிரப்பவில்லை, உங்களை இன்-சார்ஜ் என்றே வைத்திருந்தது. வேலை முழுதும் உங்களுக்கு, பதவி மட்டும் யாருக்கும் இல்லை. தலைமையாசிரியர் பெயர்ப்பலகையில் இன்றும் கடைசி வரி வெறுமையாக இருக்கிறது. மேடைக்கு வரும்போது எல்லோரும் அதைக் கடந்துதான் வந்தோம்.

அதே ஆண்டு ஆடி மாதம் பள்ளி வாசலில் சுண்ணாம்புக்கல் லாரி மேகலாவின் சைக்கிளை அடித்தது. வலது கால் நொறுங்கி, திருச்சியில் இரண்டு மாதம் கிடந்தாள் அந்தக் குழந்தை. வேகத்தடை கேட்டு அதற்கு முன்பே ஐந்து கடிதம் எழுதியிருந்தீர்கள், ஒன்றுக்கும் பதில் இல்லை. மறுநாள் காலை, தலைமையாசிரியர் அறை நாற்காலியைத் தூக்கி வந்து நடுச்சாலையில் போட்டு உட்கார்ந்தீர்கள். ஆசிரியர்கள் ஆறு பேரும் உங்கள் பின்னால் நின்றோம். பிள்ளைகளை உள்ளே விட்டுக் கேட்டைப் பூட்டச் சொன்னீர்கள். அலுவலக உதவியாளர் கொளஞ்சியப்பன் பூட்டினார்.

"டீச்சர், கொஞ்சம் ஓரமா போங்க, லோடு நிக்குது" என்று கத்தினார் ஒரு டிரைவர்.

"எம் புள்ள ஆஸ்பத்திரில கெடக்குதுப்பா. லோடு நிக்கட்டும்" என்றீர்கள்.

வேகத்தடை நான்காம் நாள் வந்தது. உங்களுக்குச் சார்ஜ் மெமோ பத்தாம் நாள் வந்தது. பள்ளி நேரத்தில் மாணவர்களைச் சாலைக்கு இழுத்து வந்து அவர்கள் உயிருக்கு ஆபத்து விளைவித்தீர்களாம்! பச்சைப் பொய். நின்ற லாரிகள் நம் தாளாளருடைய மைத்துனரின் லாரிகள் என்பது ஊருக்கே தெரியும். மேடையில் அமர்ந்திருக்கும் தாளாளர் ஐயா எழுந்துபோக வேண்டாம். இனிமேல் வருவது எங்களைப் பற்றியது.

அம்மா, நீங்கள் சாலையில் அமர்ந்த அன்று தாளாளரின் கார் திருப்பத்தில் வருவதைப் பார்த்ததும் ஒருவர்பின் ஒருவராகப் பக்கவாசல் வழியே உள்ளே நழுவினோம். முதலில் நழுவியவன் நான். நீங்கள் திரும்பிப் பார்த்தபோது பின்னால் யாரும் இல்லை. விசாரணை என்று வந்தபோது, "அன்று நான் பணியில் இருந்தேன், வெளியே நடந்தது எனக்குத் தெரியாது" என்று எழுதிக் கொடுத்தோம். கொளஞ்சியப்பனுடையதும் சேர்த்து ஏழு தாள், ஒரே வாக்கியம், ஏழு கையெழுத்து. அந்த வாக்கியத்தை அமைத்துக் கொடுத்தவனும் இந்தத் தமிழாசிரியன்தான். சுமையை உங்கள்மேல் ஏற்றியது நிர்வாகம் மட்டும் என்று சொல்ல எங்களுக்கு வாய் கூசுகிறது. நீங்களோ மறுநாளும் எங்களிடம், "சாப்டீங்களா?" என்றுதான் கேட்டீர்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம்.

விசாரணை முடியாததால் உங்களை விடுவிக்க முடியாது என்று நேற்று மாலை சொல்லியனுப்பியிருக்கிறார்கள். சால்வை இருக்கிறது, மாலை இருக்கிறது, விருந்துக்குப் பந்தியும் தயார். விடுவிப்பு ஆணை மட்டும் இல்லை. பழி துடைக்கப்படாத ஒருவருக்கு விழா எடுத்துப் படம் பிடித்துக்கொள்ள எங்களுக்கு இனி வெட்கமாக இருக்கிறது. ஆகவே இந்த மடல் இன்று உங்கள் கைக்கு வராது, கண்ணாடிச் சட்டத்துக்குள்ளும் போகாது. வரும் திங்களன்று விசாரணை அதிகாரியின் மேசைக்குப் போகிறது. நாங்கள் முன்பு எழுதிக் கொடுத்தது பொய். இதில் இருப்பதுதான் எங்கள் வாக்குமூலம். இதனால் எங்களுக்கும் மெமோ வந்தால் வரட்டும், வாங்கிக்கொள்கிறோம்.

அம்மா, நீங்கள் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ வேண்டும். பழியில்லாத பெயரோடு வாழ வேண்டும். காலையில் பத்து மணிவரை தூங்க வேண்டும். மேகலா ஊன்றுகோலை எறிந்துவிட்டு ஓடி வரும் நாளில் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும். எங்களை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அதைக் கேட்கும் தகுதி திங்கட்கிழமைக்குப் பிறகு வருகிறதா என்று பார்ப்போம்.

அன்று சாலையில் நின்று, பின் ஓடியவர்கள்:

க. மணிவேல், தமிழாசிரியர்
செ. புவனேஸ்வரி, கணித ஆசிரியை
இரா. சுதர்சன், அறிவியல் ஆசிரியர்
மா. வேணி, சமூக அறிவியல் ஆசிரியை
ப. அரியமுத்து, உடற்கல்வி ஆசிரியர்
கோ. கலைமணி, ஓவிய ஆசிரியை

இவர்களுக்கெல்லாம் முன்பே, நேற்று மாலையே கையெழுத்திட்டவர், தம் கையாலேயே எழுதிய வரியோடு:

"கேட்டு சாவி அன்னிக்கி எங்கிட்டதான் இருந்துச்சி. ஒரு புள்ளகூட வெளிய வரல. டீச்சர் தனியாத்தான் ஒக்காந்திருந்தாங்க."

வீ. கொளஞ்சியப்பன், அலுவலக உதவியாளர், தற்காலிகப் பணி