ஆளில்லாத ஊருக்கு ஒன்பது

— பத்தாம் தேதி காலையில உங்க இணையதளத்துல எங்க ‘உப்புத்துறை’ கேமுக்கு விமர்சனம் வந்தது சார். பத்துக்கு ஒன்பது.

— நன்றி சொல்ல வீடு தேடி வந்தீங்களாக்கும். நான் அதெல்லாம் ஏத்துக்கறதில்லம்மா. விமர்சகனுக்கு நன்றி சொல்றது தராசுக்குக் கும்பிடு போடற மாதிரி.

— நன்றி சொல்ல வரல சார். அந்த ஊர்ல எத்தனை பேரைப் பார்த்தீங்க?

— ஒருத்தரைக்கூட இல்ல. அதுதானே அதோட மேதைமை? ‘மனித வாடையே இல்லாத ஓர் ஊரைப் படைக்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.’ என் முதல் வரியே அதுதான்.

— நாப்பத்திரண்டு பேர் இருக்காங்க சார்.

— எங்க?

— ஊர்லதான். நான்தான் செஞ்சேன், மூணு வருஷமா. விமர்சகர்களுக்கு அனுப்பின பிரதியில அவங்க உருவம் இருக்கற ஃபைல் விட்டுப்போச்சு. அன்னைக்கே அப்டேட் விட்டோம், மெயிலும் போட்டோம்.

— விமர்சனம் முடியற வரைக்கும் நான் கம்பெனி மெயிலைத் திறக்கமாட்டேன். இன்டர்நெட் வயரையும் பிடுங்கி வச்சிடுவேன். தொழிலுக்கு வந்த நாளிலேருந்து அப்படித்தான். யாரும் என் காதுல ஊதக்கூடாது பாருங்க.

— வாம்மா, முதல்ல உக்காரு. அந்த நாற்காலி வேணாம், அது கை உடைஞ்சது. இவரு விமர்சனம் எழுதற வாரத்துல எனக்கும் இன்டர்நெட் கிடையாது. என் தங்கச்சி முகத்தைப் பார்க்கணும்னா பக்கத்து வீட்டு மாடிப்படியில உக்காந்துதான் பேசணும்.

— நீ உள்ள போ.

— எந்த உள்ள? இருக்கறதே இந்த ஒரு கூடம். அதுலயும் பாதி உங்க பெட்டிங்க.

— இருங்கம்மா, இருங்க. அப்ப அந்தத் துடைப்பம்?

— எது சார்?

— காலையில தெருவுல ஒரு துடைப்பம் தானாப் பெருக்கிக்கிட்டே போகுமே. ‘போனவர்களை மறக்க முடியாத தெரு தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது’ன்னு ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கேன்.

— அது ரொட்டிக்கடை அக்கா சார். அவங்க வரல, கையில இருந்தது மட்டும் வந்திருக்கு.

— படகுத்துறையில ஒரு குடை அந்தரத்துல நிக்குதே?

— துறைக்காவலர். மகளுக்காகக் காத்துக்கிட்டிருக்காரு.

— ‘காத்திருத்தலுக்கு ஓர் உருவம் உண்டென்றால் அது இந்தக் குடை.’

— காத்திருக்கறது சரிதான் சார்.

— நான் அன்னைக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், குடை அந்தரத்துல நிக்குதுன்னா ஏதோ கோளாறு, ஒரு வார்த்தை கேட்டுடுங்கன்னு. என்ன சொன்னாரு தெரியுமா? உனக்கு ரசனை பத்தாதுன்னாரு.

— பத்தாதுதான். அது வேற விஷயம். மத்த விமர்சகர்களுக்கு இது தெரியுமா?

— அவங்க மெயில் பார்த்து, அப்டேட் போட்டுக்கிட்டுத்தான் விளையாடினாங்க சார். எல்லாரும் அஞ்சு, ஆறு. ஒன்பது நீங்க மட்டும்தான்.

— அப்ப வாங்கினதை வச்சுக்கிட்டு சந்தோஷமா இருக்க வேண்டியதுதானே?

— எங்க முதலாளி சந்தோஷமாத்தான் இருக்காரு. ஊர்க்காரங்களை மொத்தமா எடுத்துடலாம்ங்கறாரு. நாளைக் காலையில கேம் வெளியாகுது. நீங்க அவங்களோட ஒரு தடவை விளையாடிட்டுத் திருத்தி எழுதினா அவங்களை எடுக்காம விட்டுடுவாரு. சாயங்காலம் வரைக்கும் பொறுக்கறேன்னிருக்காரு.

— வெளியான தீர்ப்பை நான் மாத்தினதே கிடையாது.

— மாத்த வேண்டி வந்ததே இல்லையா சார்?

— வந்திருக்கு. மாத்தினதில்ல.

— என்னங்க, அடுத்த விமர்சனத்துக்குன்னு பிடுங்கி வச்ச வயரை மாட்டுங்க. ஒரு பொண்ணு மூணு வருஷ உழைப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து உக்காந்திருக்கு.

— சும்மா பார்க்கறேன். பார்க்கறதுக்கும் எழுதறதுக்கும் சம்பந்தமில்ல.

— அப்டேட் ஏறிடுச்சு சார். இவங்கதான் ரொட்டிக்கடை அக்கா.

— ஏன் அந்த மூலைக்கு வந்ததும் நின்னுடறாங்க?

— இடுப்பு வலி. ஒரு கையை இடுப்புல வச்சு நிமிருவாங்க பாருங்க. எங்க ஆபீஸ்ல பெருக்கறவங்களைப் பார்த்து எடுத்தது.

— இதை யாரு கவனிக்கப் போறாங்க?

— யாரும் கவனிக்கல சார்.

— இந்தக் கொல்லன் என்ன, எப்பப் போனாலும் ‘மழை வரும்போல’ங்கறான்?

— அது சரியா வரல.

— வரலதான். மூணாவது தடவை சுத்தியலைப் பிடுங்கி அவன் தலையிலயே போடலாம்போல இருக்கு.

— ஒத்துக்கறேன் சார்.

— குடைக்காரரு ஏன் குடையைச் சாய்ச்சுப் பிடிச்சிருக்காரு? பாதி உடம்பு நனையுதே.

— மக வந்து இறங்கினா அவளுக்கு நிக்க இடம் வேணும்ல?

— ம்.

— என்னங்க, சுத்திச் சுத்தி அந்தத் துறைக்கே போறீங்க.

— சரிபார்க்கறேன்.

— இருட்டிக்கிட்டு வருது. சாப்பிடவும் இல்ல, பாவம் அந்தப் பொண்ணையும் சாப்பிட விடல. சரிபார்த்து முடிச்சாச்சா?

— எழுதிட்டேன். கேளுங்கம்மா. ‘பத்தாம் தேதி நான் எழுதியது தவறு. நான் பார்த்தது ஊர் அல்ல, ஊரின் சாமான்கள்.’

— எத்தனை மார்க் சார்?

— ஏழு.

— ஒன்பதிலேருந்து ஏழா? ஆளுங்க வந்ததும் குறையுதே. இது என்னங்க கணக்கு?

— ஆளில்லாத ஊர்ல குத்தம் சொல்ல என்ன இருக்கு? ஆளுங்க வந்தாத்தான் குத்தம் தெரியும். கொல்லனுக்கு ஒண்ணு குறைச்சேன். நடுவுல கதை இழுக்குது, அதுக்கு ஒண்ணு.

— ஏழு போதும் சார். ரொம்பப் போதும்.

— அப்ப போட்டுடறேன்.

— ஒரு நிமிஷம் சார். ஆபீஸ்லேருந்து செய்தி வந்திருக்கு.

— என்னவாம்?

— மதியமே எடுத்துப் பார்த்துட்டாங்களாம். ஊர்க்காரங்களை எடுத்ததும் துடைப்பம் நின்னுபோச்சாம், குடை தண்ணியில விழுந்துடுச்சாம். நீங்க பாராட்டினது எதுவுமே நடக்கலையாம். அதனால திரும்ப வச்சுட்டாங்க.

— பார்த்தீங்களா? தானா வழிக்கு வந்துட்டாங்க.

— உருவத்தை மட்டும் மறைச்சுட்டாங்க சார். நாப்பத்திரண்டு பேரும் ஊர்லதான் இருப்பாங்க. பெருக்குவாங்க, நனைவாங்க. யாரு கண்ணுக்கும் தெரியமாட்டாங்க. வெளியீட்டுக்கும் அனுப்பியாச்சாம்.

— நான் இதைப் போடறேன். போட்டா என்ன செய்யறாங்கன்னு பார்க்கறேன்.

— போடுங்க, என்னங்க. இப்பவே போடுங்க.

— வேணாம்கா. படிக்கிறவங்க ரொட்டிக்கடை அக்காவைத் தேடுவாங்க, இருக்கமாட்டாங்க.

— அப்ப நான் முதல்ல எழுதினது?

— நாளைக் காலையில கேம் வெளியாகும்போது அதுதான் சார் சரியான விமர்சனமா இருக்கும்.