மூன்றில் ஒரு பங்குக்கு மேல்

புல் வெட்டக் காலை பத்து மணிக்கு மேல்தான் சரியான நேரம், சார். அதற்கு முன் பனி காயாது. ஈரப் புல் மெஷின் பிளேடுக்குக் கீழே படுத்துக்கொள்ளும். வெட்டுப்படாது, கிழிபடும். கிழிந்த நுனி இரண்டே நாளில் பழுத்துவிடும்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. அந்தச் சனிக்கிழமை எதற்காக இரண்டு முறை வெட்டினாய் என்று. நல்ல கேள்வி. புல்லைப் பற்றித் தெரிந்தவர்தான் அதைக் கேட்க முடியும். முறையாகச் சொன்னால்தான் விளங்கும், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

முதல் வேலை, தரையில் கிடப்பதை அப்புறப்படுத்துவது. ஒரு சின்னக் கல் போதும், பிளேடு பல்லிளித்துவிடும். அன்று நான் எடுத்து ஓரம் வைத்தவை: இரண்டு செங்கல் துண்டு, தண்ணீர்க் குழாய், அண்ணனுடைய செருப்பு, ஏணி.

அடுத்தது உயரம். ஒரு முறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. புல் தன் சாப்பாட்டை இலையில்தான் சமைக்கிறது. அடுப்பையே பிடுங்கிவிட்டால், வேரில் வைத்திருக்கும் சேமிப்பைத் தின்னத் தொடங்கும். அப்புறம் மஞ்சள்தான்.

பிறகு திசை. போன வாரம் வாசலிலிருந்து மதில் வரை ஓட்டினால், இந்த வாரம் குறுக்கே ஓட்ட வேண்டும். ஒரே பக்கமாக ஓட்டினால் புல் அந்தப் பக்கமே சாய்ந்து பழகிவிடும். எங்கள் வீட்டில் எல்லோரும் அண்ணன் பக்கம் சாய்ந்தது அப்படித்தான்.

வீடு அவனுடையது. மாடியறை எனக்கு. புல்தரை மட்டும் நான் வளர்த்தது, பதினோரு வருடமாக. புதன்கிழமை சாப்பிடும்போது அவன் சொன்னான்:

"திங்கக்கிழமை மேஸ்திரி வர்றாருடா. புல்ல எடுத்துட்டு சிமெண்ட் போட்டா ரெண்டு காரு நிக்கும்."

"நம்மகிட்ட இருக்கறது ஒரு காருதானே?"

"மாடு ஒண்ணுகூட இல்ல. இவ்ளோ புல்லு எதுக்கு?"

அண்ணி சிரித்தார். நானும் சிரித்தேன். அவன் பேச்சு அப்படி, கோபப்படவே முடியாது.

சனிக்கிழமை அண்ணி தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். புல்தரை நடுவில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, நீங்கள் பார்த்தீர்கள். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், இரும்பு மூடி. சிமெண்ட் போடுவதற்கு முன் ஒழுகலை அடைத்துவிடலாம் என்று அண்ணன் உள்ளே இறங்கிப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தான். நெடி தாங்காது, மூடி திறந்தே இருக்க வேண்டும் என்று பூச்சு டப்பாவிலேயே எழுதியிருக்கும்.

வெட்டிய புல்லை நான் அள்ளுவதில்லை. அங்கேயே விட்டால் மக்கி உரமாகும். ஆனால் தெறிக்கும். குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் விழக் கூடாதே. அதனால் மூடியை மூடினேன்.

"டேய் தம்பி, இருட்டா இருக்குடா," என்றான். கொஞ்சம் கழித்து, "ஏணிய எங்கடா வெச்ச? வெளையாடாத."

நான் இன்ஜின் கயிற்றை இழுத்தேன். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது.

நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. இன்ஜினை அணைத்தபோது, பூச்சு பிரஷ்ஷின் நீளக் கைப்பிடியால் மூடியை அடியிலிருந்து தட்டிக்கொண்டிருந்தான். மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மூன்று தட்டு. பெரிய சத்தமில்லை. ஆனால் தெரு அமைதியாக இருந்தது.

வெட்டுவதற்குப் புல் மிச்சமில்லை. வெறுமனே ஓட்டினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பிளேடை ஒரு படி இறக்கிக் குறுக்கே ஓட்டினேன். பாதிக்கு மேல் போய்விட்டது. பதினோரு வருடத்தில் நான் செய்த ஒரே தவறு அதுதான்.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டிக் கத்தினார். "என்ன தம்பி, புல்லுக்கே மொட்டையா?"

"பேன் புடிச்சிருச்சுண்ணே," என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அவர்தானே உங்களிடம் சொன்னார்?

மூடியைச் சுற்றி வரும்போது மெஷின் கைப்பிடியில் லேசான அதிர்வு தெரிந்தது. இன்ஜின் அதிர்வாகவும் இருக்கலாம். கடைசிச் சுற்றில் அது இல்லை. அணைத்துவிட்டு, மூடியைத் திறந்து, ஏணியை இறக்கி வைத்தேன். செருப்பையும் ஜோடியாக வைத்தேன். அண்ணி வந்து பார்த்தார். நெடி அடித்துப் போய்விட்டான் என்றார்கள். நீங்களும் ஸ்டேஷன் ரிப்போர்ட்டில் அப்படித்தான் எழுதினீர்கள். பத்தாம் நாள் தரை முழுவதும் கட்டம் கட்டமாகப் பழுத்தது. புல்லுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

இந்த அறை மின்விசிறியிலும் அது இருக்கிறது, சார். மூன்று சுற்று, ஒரு இடைவெளி, மூன்று சுற்று. வேண்டாம், அணைக்காதீர்கள். அணைத்தால்தான் நன்றாகக் கேட்கும்.

எழுதிக்கொள்ளுங்கள். ஏணியை எடுத்தது நான். மூடியை மூடியதும் நான். காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்: குடிதண்ணீரில் புல் விழக் கூடாது.

பூச்சு அடிக்கிற தொட்டியில் தண்ணீர் ஏது என்கிறீர்கள். வாஸ்தவம்தான். ஒரு சொட்டு இல்லை. முதல் நாள் சாயங்காலமே அத்தனையையும் இறைத்துப் புல்லுக்குப் பாய்ச்சியது நான்தான்.