வெளிநாட்டு எண்ணிலிருந்து வந்த அழைப்பு

என் பெயர் சுபாஷினி, வயது 41. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்தெருவில் குடியிருக்கிறேன். அங்குள்ள ஒரு கம்பெனியில் டீ கப்புக்குக் கைப்பிடி ஒட்டும் வேலை செய்கிறேன். அதே கம்பெனியில் சூளை பார்த்துவந்த என் வீட்டுக்காரர் கொளஞ்சிநாதனை, புதுச் சூளை ஒன்றைப் பார்த்துவர ஐந்து நாள் தாய்லாந்துக்கு அனுப்பினார்கள். ரோமிங் போட்டால் காசு கரைந்துவிடும் என்று அவர் தன் போனை என்னிடமே கொடுத்துவிட்டு, ஏடிஎம் கார்டும் பனியன் பையில் தைத்த நாற்பது ஐநூறு ரூபாய் நோட்டும் கொண்டுபோனார். வெளிநாட்டில் தேய்க்க அந்தக் கார்டை முன்கூட்டியே பேங்கில் திறந்துவிட வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

14.11.2025 மதியம் அவர் போனில் ஓடிபி வந்தது. அதன்பிறகு என் போனுக்கு வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கையெல்லாம் மண்ணாக இருந்ததால் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன். குரல் கம்மிப்போயிருந்தது.

"சுபா, நான்தான். போனுல ஒரு நம்பர் வந்திருக்கும், சீக்கிரம் சொல்லு."

போன மாதம்தான் எங்கள் கம்பெனிக்கு வந்த போலீஸ் அம்மா, பெற்ற பிள்ளை கேட்டாலும் ஓடிபியைச் சொல்லாதீர்கள், மோசடிக்காரர்கள் குரலைக்கூட அப்படியே போலி செய்வார்கள் என்று பாடம் எடுத்திருந்தார்கள்.

"யாருடா நீ? எங்க வூட்டுக்காரரு மாதிரியே பேசுறியா? வேற வூடு பாருடா."

"மூச்சு முட்டுதும்மா" என்றது குரல்.

"நல்லா நடிக்கிறடா" என்று சொல்லி வைத்துவிட்டு, அந்த எண்ணை பிளாக் செய்தேன். அதன்பிறகு இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து மோசடிப் புகார் எழுதிக் கொடுத்தேன். "உங்கள மாதிரி எல்லாரும் உஷாரா இருந்தா எங்களுக்கு வேலையே இல்லம்மா" என்றார்கள். பெருமையாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் கம்பெனிக்குத் தகவல் வந்தது. நெஞ்சுவலியால் ஆஸ்பத்திரிக்குப் போனவரிடம் முன்பணம் கேட்டிருக்கிறார்கள். நம் நோட்டை வாங்கவில்லை, கார்டும் எடுக்கவில்லை. நர்ஸ் ஒருவரின் போனை வாங்கி, பேங்க் வழியாகக் கார்டைத் திறக்கப் பார்த்திருக்கிறார்; அதற்கான ஓடிபிதான் என்னிடமிருந்த அவர் போனுக்கு வந்தது. அதைக் கேட்கத்தான், தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணான என் எண்ணுக்குப் பேசியிருக்கிறார். அதன்பிறகு வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துவிட்டார்.

கல்யாணமாகி இருபத்தோரு வருடத்தில் அவரை நான் 'டா' போட்டுப் பேசியதே இல்லை.

என் புகாரை முடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். ஆனால் அதில் 'மோசடிப் பேர்வழி' என்று எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம் 'என் கணவர்' என்று திருத்தி எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.

படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
கொ. சுபாஷினி