பதினேழாம் எண் வில்லை

நெருங்கி உட்காருங்கள். விளக்கைத் தூண்ட வேண்டாம். நம் கூட்டாளியின் சித்தப்பாவுக்கு நடந்தது இது.

இரவு பதினொன்றே முக்கால். ஆற்றோரச் சாலையில் ஈ காக்கை இல்லை. மூடிக்கிடந்த நூற்பாலையை ஊர்ப் பெருமை என்று காட்சிக்கூடமாக்கியிருந்தார்கள். விடிந்தால் திறப்பு விழா. அந்த ஆலையில் முப்பது வருடம் மதகைத் திறந்து மூடியவர் சித்தப்பா. அவருக்குப் பாராட்டுப் பத்திரம். "என் காலத்துல ஒரு உசுரு போனதில்ல" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

பொய்.

ஆலையில் இரண்டு பலகைகள். 'வெளியே', 'உள்ளே'. மதகு திறந்தால் ஆற்றுத் தண்ணீர் பாயும் நீர்ச் சுரங்கத்தில் சேறு அள்ள இறங்குகிறவன், தன் எண் பொறித்த பித்தளை வில்லையை 'உள்ளே' பலகைக்கு மாற்ற வேண்டும். அதில் ஒன்று தொங்கினாலும் மதகைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் சித்தப்பா பார்க்காமல் திறந்துவிட்டார். பதினேழாம் எண் தொங்கிக்கொண்டிருந்தது... உள்ளே இருந்தவனைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. யாருக்கும் தெரியாமல் அந்த வில்லையை ஆற்றில் எறிந்தார்.

செத்தவன் மனைவி மாதக்கணக்கில் ஆலை வாசலுக்கு வந்தாள். "அண்ணே, அவரு வெளிய வந்தாரா?"

"வந்தாரு, போனாரு. எவ பின்னாடி போனாரோ! வீட்டைப் போய்ப் பாரும்மா." சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

திறப்புக்கு முந்தின அந்த இரவு, ஆலையைப் பூட்டப் போன சித்தப்பா மூக்கில் சேற்று நாற்றம். 'உள்ளே' பலகையில் பதினேழாம் வில்லை. சொட்... சொட்... கீழே சுரங்கத்தில் இரும்பைத் தட்டும் சத்தம். டங். டங். டங். 'ஆள் இருக்கேன், திறக்காதே' என்று அந்தக் காலத்தில் தட்டும் தட்டு.

நாளை நாலு பேர் முன்னால் இது கேட்டால்? மானம் கப்பலேறிவிடும். எவனோ விளையாடுகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு டார்ச்சோடு இறங்கினார். பழகிய கை, போகிற போக்கில் 'வெளியே' பலகையிலிருந்த அவருடைய நாலாம் வில்லையை எடுத்து 'உள்ளே' மாட்டியது. பின்னால் இரும்புக் கதவு... தானாகச் சாத்திக்கொண்டது.

காலையில் அதிகாரி வந்தார். 'உள்ளே' பலகையில் நாலாம் வில்லை மட்டும். "ஒத்தையா அசிங்கமா தொங்குது பாரு" என்று எடுத்து 'வெளியே' வரிசையில் மாட்டினார்.

சித்தி தூக்குச் சட்டியோடு வந்தாள். "சார், ராத்திரி வீட்டுக்கே வரல. உள்ள இருக்காரா?"

"அவரு வில்லை வெளியதானேம்மா தொங்குது! எங்கயாச்சும் போயிருப்பாரு."

டங். டங். டங்.

"என்ன சார் சத்தம்?"

"பழைய குழாய்ம்மா."

சங்கு ஊதியது. எல்லோரும் கைதட்டினார்கள். விழாவுக்காக மதகைத் திறந்தார்கள். தட்டு நின்றது.

சாயங்காலம் பூட்டும்போது 'உள்ளே' பலகையில் நாலாம் வில்லை, ஈரம் சொட்டச் சொட்ட.

'வெளியே' பலகையில் பதினேழு. நன்றாகக் காய்ந்திருந்தது.