கார் ஏன் கனக்குது

— பொய் சொல்லாத டென்சில். கார்ல என்னத்த வச்சிருக்க?

— என்னத்தடி வைப்பேன்? முதல்ல ஹெல்மெட்டக் கழட்டு. மூஞ்சி செவந்து கெடக்கு.

— இந்த ‘டி’யெல்லாம் ஈஸ்டருக்கு முன்னாடி, கோர்ட்டுல பிரியறதுக்கு முன்னாடி. இப்ப ஹேசல்னு கூப்பிடு. மலையில ரெண்டாவது வளைவு ஏறயில கார் முக்குது. மூட்ட தூக்குறவன் மாதிரி முக்குது. போன தடவையவிட ஒரு முழு செகண்டு லேட்டு.

— டயர் சூடேறிருக்காது. மலையேத்தப் பந்தயத்துல ஒரே கார ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஓட்டுனா, முதல் ஆளுக்கு அப்படித்தான். சூடான டயரு ரெண்டாவது ஆளுக்குத்தான்.

— அதனாலதான நீ காலங்காலமா ரெண்டாவதா ஓட்டுற.

— நல்லா இருக்கே. இன்னிக்கு முதல்ல போறேன்னு ஒத்தக்கால்ல நின்னது யாரு? மால்வெர்ன் குன்றுப் பக்கம் மேகத்தப் பாத்துட்டு, மழைக்கு முந்தி ஏறிடணும்னு.

— நின்னேன். ஏன் நிக்க மாட்டேன்? வீடு உனக்குப் போச்சு, நாய் எனக்கு வந்துச்சு. பிரிக்க முடியாம மிச்சம் கெடக்குறது இது ஒண்ணுதான். இன்னிக்கு யாரு வேகமா ஏறுறாங்களோ அவங்களுக்குத்தான் கார்னு சொன்னது நீ. தோத்தா இதத் தொட்டுக்கூடப் பாக்க முடியாது நான்.

— சொன்னேன். இல்லேங்கல.

— அப்ப ஏன் கனக்குது? டேங்க நிரப்பிட்டியா?

— கால் டேங்குகூட இல்ல. குனிஞ்சு பாத்துக்க.

— அடியில ஈயக்கட்டி வச்சிருப்ப.

— நானா? எடைய ஏத்துற ஆளா நான்? யோசிச்சுப் பேசு ஹேசல். இதுல இருக்குறது சுண்டக்கா இன்ஜின். இத வச்சுக்கிட்டு, பெரிய பெரிய சிவப்புக் காரையெல்லாம் இந்த மலையில தலகுனிய வச்சோமே, எப்படி? ஒடம்புல கனமில்ல, அவ்வளவுதான். ரெண்டு பேர் சேந்தா தூக்கித் திருப்பிடலாம்.

— அந்த ரெண்டாவது ஆளே நான்தான். கல்யாணமான புதுசுல, முழுக் காரா வாங்குனா வரின்னு, பாகம் பாகமாப் பெட்டியில வாங்கியாந்து அடுப்படியில மாட்டுனோம். மாட்டி முடிச்சா கதவு பத்தல. செவத்த இடிச்சு வெளிய எடுத்தோம்.

— உங்கம்மா பானெட்டு மேல தட்ட வச்சுல்ல ஞாயித்துக்கிழம கறி சாப்பிட்டாங்க.

— பேச்ச மாத்தாத. அப்புறம் நீ என்ன பண்ணுன? கனம் கொறையணும்னு ரேடியோவக் கழட்டுன. ஹீட்டரக் கழட்டுன, அதுவும் ஜனவரியில. கதவுக் கைப்பிடியிலகூட ஓட்ட போட்ட. ஒரு நா கடைக்குப் போலாம்னு கோட்ட மாட்டிட்டு வந்து பாக்குறேன், என் சீட்டையே காணோம். ரெண்டு பேர் உக்கார்ற கார்ல ஒரு ஆளக் கழிச்சுட்ட.

— அது பந்தயத்துக்காக...

— உன் பந்தயம் என்னிக்கு ஓஞ்சுது? நீ காத்தாப் பறந்துட்டிருந்த. நான் பஸ் ஸ்டாப்புல நனஞ்சுட்டிருந்தேன்.

— நாப்பத்தொண்ணாம் நம்பர் காரு, ரெண்டாவது ஆளு பொறப்படுற கோட்டுக்கு வாங்க.

— இதோ பெர்சி, ஒரு நிமிசம்.

— கொடி பிடிச்சுப் பிடிச்சு எனக்குக் கை விட்டுப்போச்சு டென்சில். சண்டைய டீக் கூடாரத்துல வச்சுக்கங்க. தூத்தல் போடுது பாருங்க.

— நில்லு, ஏறாத. இந்த எடது பக்கத்த ஏன் துணி போட்டு இழுத்து மூடிருக்க? மழைக்குப் பயந்த அவசரத்துல இத நான் கவனிக்கவே இல்ல.

— காத்து உள்ள புகாம இருக்க...

— கைய எடு. ஜிப்ப விடு, நான் இழுக்குறேன். டென்சில்.

— சொல்லு.

— இது என் சீட்டு.

— ஆமா.

— நான் டீயக் கொட்டுன கறகூட அப்படியே இருக்கு.

— பரண்ல கெடந்துச்சு. காலையில மாட்டுனேன். ஒரு போல்ட்டு துருப்பிடிச்சு உசிர வாங்கிடுச்சு.

— இன்னிக்கா? இன்னிக்குப் போயா? எனக்கு ஒரு செகண்டு போச்சே.

— எனக்கும் போகும். ரெண்டு பேருக்கும் ஒரே கனம். இதுல ஏமாத்து இல்ல.

— பின்ன எதுக்கு?

— கார் யாருக்குப் போனாலும், பக்கத்துல ஒரு ஆள் உக்கார எடம் இருக்கணும்னு தோணுச்சு. வேணாம்னா சொல்லு, ஸ்பேனர் கையிலதான் இருக்கு. இல்லேன்னா நான் ஓட்டலேன்னு பெர்சிகிட்ட சொல்லிடுறேன். கார நீயே எடுத்துக்க.

— பிச்ச போடுறியா எனக்கு?

— நாப்பத்தொண்ணு, கடைசியாக் கூப்பிடுறேன். உண்டா இல்லையா?

— உண்டு பெர்சி. வருவான். ஸ்பேனரக் கீழ போடு டென்சில். ஹெல்மெட்ட மாட்டு. முழு மூச்சா ஏறு, நீ விட்டுக் குடுத்தன்னு தெரிஞ்சா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். கார் யாருக்குங்கறத கடியாரம் சொல்லட்டும். ஆனா எது எப்படியானாலும், திரும்பிப் போறப்ப நான்தான் ஓட்டுவேன். நீ அந்தச் சீட்டுல உக்காந்து, ஹீட்டர் இல்லாம நடுங்கிக்கிட்டே வா.