களத்துமேட்டுப் பூப்பந்து

கோடையில் எங்கள் பக்கம் ஐந்து மணிக்கு மேல்தான் காற்று அடங்கும். பூப்பந்து கம்பளி நூலால் சுற்றியது, எடையே இருக்காது. காற்று வீசும்போது அதை அடிப்பவன் ஆடுவதாகச் சொல்ல முடியாது. மட்டையை வீசுகிறான், அவ்வளவுதான். இது இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர், உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பார்த்தால் வாலிபால் ஆடியவர் மாதிரி இருக்கிறீர்கள்.

என் பெயர் அனந்தநாராயணன். வயது அறுபத்து மூன்று. நீடாமங்கலத்திலிருந்து இரண்டு மைலில் என் ஊர். ஒரு காலத்தில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய வயல் எல்லாம் எங்கள் வீட்டுடையது. தம்பிகள் தங்கள் பங்கை விற்றுவிட்டு பம்பாய்க்கும் டெல்லிக்கும் போனார்கள். ஒருவன் தபால்தலை சேர்க்கிறான். இன்னொருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே கேக் செய்கிறானாம். அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறான். நான் மட்டும் ஊரில் இருந்தேன். நெல்லுக்காக இல்லை. களத்துமேட்டில் எனக்கு ஒரு பூப்பந்து மைதானம் இருந்தது.

தை மாதம் அங்கே கதிர் அடிப்பார்கள். மாசி கழிந்ததும் வைக்கோலை வாரச் சொல்லி, தண்ணீர் தெளித்து, உருளை போட்டு இறுக்கி, சுண்ணாம்பில் கோடு இழுக்க வைப்பேன். கோட்டை நானே நூல் பிடித்துச் சரிபார்ப்பேன். அப்படி இருபத்தைந்து வருஷம். அக்ரகாரத்தில் ஐந்து பேர் கொண்ட டீம் இருந்தது. தஞ்சாவூர், கும்பகோணம் எல்லாம் போய் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறோம். பிறகு ஒவ்வொருவராகப் பிள்ளைகளோடு மெட்ராசுக்குப் போய்விட்டார்கள். அறுபத்தெட்டில் என்னோடு ஆட ஊரில் ஒருவரும் இல்லை.

அப்போதுதான் சாமிதுரை வந்தான். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தான். கட்சிக் கிளைக்குச் செயலாளர். கடைக்குப் பக்கத்திலேயே கீற்றுக் கொட்டகையில் ஒரு படிப்பகம் நடத்தினான். அங்கே நாலு பத்திரிகையை நாற்பது பேர் மாற்றி மாற்றிப் படிப்பார்கள், படித்ததை எல்லாம் உரக்கப் பேசுவார்கள். ஊரில் எல்லோருக்கும் திடீரென்று ஏதாவது ஒரு ஆர்வம் வந்துவிட்ட காலம் அது. சாமிதுரைக்கு உடுப்பில் ஆர்வம். ஆட வந்த முதல் வாரமே எல்லோருக்கும் ஒரே மாதிரி பனியன் தைக்கிறேன் என்று என் மார்பளவைக் கேட்டான். கழுத்துப்பட்டியில் கறுப்பும் சிவப்பும் ஓரம் வைத்துத் தைத்து வந்தான். நான் அதைப் போடவில்லை. வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். ஆட எனக்கு ஆள் தேவைப்பட்டது.

அவன் கூட்டிவந்த ஆள்தான் மாரியப்பன். என் குத்தகைக்காரன் பஞ்சநாதனின் மகன். வயது இருபத்திரண்டு. மன்னார்குடியில் படித்தபோது மாவட்ட டீமில் ஆடியவன். அவன் ஆட்டத்தைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன். பந்து அவன் மட்டையில் பட்ட சத்தமே கேட்காது. சாமிதுரை போன்றவர்கள் ஆடுவது வயலில் குருவி விரட்டுவது மாதிரி இருக்கும். மாரியப்பன் அப்படி இல்லை. நெட்டுக்கு எதிர்ப்பக்கம் அவன் நின்றால்தான் எனக்கு அன்று ஆடியதாகவே இருக்கும்.

அவனுடைய அப்பா என்னை சாமி என்பார். இவன் சார் என்பான். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம் குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்தது. ஊர் ஊராக மனு எழுதினார்கள். எங்கள் ஊரில் படிப்பகத்தில் உட்கார்ந்து எழுதினார்கள், எழுதியவன் மாரியப்பன். நல்ல கையெழுத்து. கர்ணம் வந்து சங்கிலி போட்டு அளந்தார். பஞ்சநாதன் சாகுபடி செய்த சர்வே நம்பருக்குள்ளேயே களத்துமேடும் அடங்கியிருந்தது. எனக்கே அதுவரை தெரியாது. எழுபதாம் வருஷம் சித்திரையில் தாசில்தார் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. வயலோடு என் மைதானமும் பஞ்சநாதன் பெயரில் ஏறிவிட்டது.

பஞ்சநாதன் அன்றே வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றார். பிள்ளைகள் எழுதிக் கொடுத்ததாகவும் தான் கைநாட்டு வைத்ததாகவும் சொன்னார். குரல் நடுங்கியது. அது எனக்குத் திருப்தியாகவே இருந்தது. அதோடு விட்டிருந்தால் நான் கோர்ட்டுக்குப் போயிருப்பேன், தோற்றிருப்பேன், அவ்வளவுதான் நடந்திருக்கும்.

மறுநாள் மாலை ஆடி முடித்து நெட்டை அவிழ்க்கும்போது மாரியப்பன் என்னிடம் வந்தான்.

"சார், நீங்க மனசுல எதுவும் வச்சுக்காதீங்க. எப்ப வேணும்னாலும் வந்து ஆடலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நம்ம கோர்ட்டுதானே."

நன்றி என்று சொன்னேன். அவன் சந்தோஷமாகச் சிரித்தான். அவன் மனதில் கள்ளம் இல்லை. கள்ளம் இருந்திருந்தால் எனக்கு அவன் மேல் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும். ஒரு மனிதனுடைய இடத்தை எடுத்துக்கொண்டு, அங்கே வந்துபோக அவனுக்கே அனுமதி கொடுக்கிறோம் என்பதுகூடத் தெரியாத ஆளை என்னவென்று சொல்வது?

மட்டை, நெட் எல்லாம் வைக்க ஒரு சின்ன அறை கட்டலாம் என்று இரண்டு வருஷத்துக்கு முன் செங்கல் இறக்கியிருந்தேன். மைதானத்தின் தென்கிழக்கு மூலையில், கோட்டுக்கு வெளியே பத்தடி தள்ளிக் குவிந்து கிடந்தது. இனி யாருக்காகக் கட்டுவது, வண்டி வைத்து எடுத்துவிடலாம் என்று ஒரு காலையில் போய்ப் பார்த்தேன். அடிவரிசைக்கு மேலே இரண்டு கல் சரிந்து ஒரு பொந்து மாதிரி இருந்தது. உள்ளே வெள்ளையாக முட்டைகள். அவற்றைச் சுற்றிக்கொண்டு நல்லபாம்பு. அது தலையைத் தூக்கவில்லை. நானும் அசையவில்லை.

புல்லுக்கட்டோடு அந்த வழியே போன எல்லையம்மாள் நின்றாள். பஞ்சநாதனின் மனைவி, மாரியப்பனின் தாய்.

"என்ன சாமி அங்க பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்லே. கல்லு எவ்வளவு ஒடஞ்சிருக்குன்னு பார்த்தேன்."

அவள் போய்விட்டாள். நான் வீட்டுக்கு வந்து காபி குடித்தேன். வண்டிக்குச் சொல்லி அனுப்பவில்லை.

அன்று மாலை ஆடப் போனேன். வடக்குப் பக்கம் நான் நின்றேன். எதிரில் பின்கோட்டில் மாரியப்பன். ஆட்டத்தின் நடுவில், அவன் வலதுபுறமாக உயர்த்தி ஒரு பந்து அடித்தேன். கோட்டைத் தாண்டிப் போய்ச் செங்கல் குவியலின் அடியில் விழுந்தது. அந்தக் கோட்டுக்கு வெளியே என் பந்து போனதை ஊரில் யாரும் பார்த்ததில்லை. சாமிதுரை வாய்விட்டுச் சிரித்தான். எடுக்க நான்தான் நடந்தேன். நாலடி வைப்பதற்குள் மாரியப்பன் கையைக் காட்டித் தடுத்தான்.

"காத்து தள்ளிடுச்சு சார். நீங்க இருங்க, நான் எடுக்கறேன்."

காற்று அடங்கி அரைமணி ஆகியிருந்தது. அவனுக்கும் அது தெரியும். பெரியவரின் மானத்தைக் காப்பாற்றுகிறானாம். போனான், எடுத்தான், வந்தான். ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாம் நாள் பந்து நேராகக் குவியலின் மேலே விழுந்து பொந்தின் வாயில் தங்கியது. மட்டையின் முனையால் தள்ளி எடுத்தான். அன்றும் காற்று என்றான்.

மூன்றாம் நாள் அவன் மட்டையில் ஒரு நரம்பு அறுந்திருந்தது. அதைக் கோட்டிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு போனான். அன்று பந்து பொந்துக்குள்ளேயே போய்விட்டது. குனிந்து கையை விட்டான். கத்தவில்லை. கையை உதறிக்கொண்டு நின்று, வலது கை விரலைப் பார்த்தான். பிறகு சாமிதுரையைப் பார்த்து, "அண்ணே, கடிச்சிடுச்சு" என்றான், ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி.

சாமிதுரை துண்டைக் கிழித்துக் கையில் கட்டி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். நான் வீட்டுக்கு வந்து கால் கழுவினேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் என்னிடம் மட்டும்தான் கார், ஒரு பழைய மாரிஸ். கொஞ்ச நேரத்தில் பஞ்சநாதன் வந்தார். மேல்துண்டு இல்லை.

"சாமி, காரைக் கொஞ்சம் எடுங்க சாமி. தஞ்சாவூரு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா பொழைச்சுக்குவானாம். புள்ளைக்குக் கண்ணு சொக்குது."

"பேட்டரி போயிடுத்து பஞ்சநாதா. கிளப்ப முடியாது."

"சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டு ஓடினார். மறுபேச்சு ஒரு வார்த்தை இல்லை. என் சொல்லை அப்படியே நம்பினார். அவர்கள் பெயரில் நிலத்தை எழுதலாம், அறிவை யார் எழுதிக் கொடுப்பது?

மாட்டுவண்டியில் போட்டு நீடாமங்கலம் போயிருக்கிறார்கள். அங்கே ரயில் கேட் மூடியிருந்தது, கூட்ஸ் இன்ஜினை முன்னும் பின்னும் ஓட்டிப் பெட்டி மாற்றிக்கொண்டிருந்தார்களாம். கேட் திறப்பதற்குள் தாயின் மடியில் மூச்சு நின்றுவிட்டது. அந்தக் கேட்டை நான் மூடவில்லை.

என் மனைவி அபயாம்பாள் கூடத்தில்தான் இருந்தாள். பஞ்சநாதன் போனதும் என் அருகில் வந்து நின்றாள். கார் சாவி என் மடியில் இருந்தது.

"காத்தால மன்னார்குடிக்குப் போயிட்டு வந்தோமே" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ஆவணியில் மகனோடு இருக்கிறேன் என்று மெட்ராசுக்குப் போனவள், அங்கேயே இருக்கிறாள். அவளுக்குப் பூப்பந்தில் என்றுமே ஆர்வம் இருந்ததில்லை.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. செங்கலைக் கலைத்துப் பாம்பை அடித்து எரித்தார்கள், அதோடு விஷயம் முடிந்தது. களத்துமேட்டைப் பஞ்சநாதன் உழுவார் என்று நினைத்தேன். உழவில்லை. வருஷா வருஷம் மகன் பெயரில் போட்டி நடத்துகிறார்கள். தோரணம், குழாய் ஒலிபெருக்கி, வெள்ளிக் கோப்பை எல்லாம் உண்டு. சாமிதுரை முதுகில் மாரியப்பன் பெயர் போட்டுப் பனியன் தைக்கிறான். தலைமை தாங்க என்னைக் கூப்பிடுகிறார்கள். நானும் போய் நாற்காலியில் உட்கார்ந்து, படத்துக்கு மாலை போட்டுவிட்டு வருகிறேன். ஆடுகிறவர்களில் ஒருவனுக்குக்கூட மணிக்கட்டு என்று ஒன்று இருப்பது தெரியவில்லை.

ஐந்து வருஷம் பேசாமல் இருந்துவிட்டு இன்று எதற்கு வந்தீர்கள் என்று கேட்டீர்கள். நேற்று ஐந்தாவது வருஷப் போட்டி. பேச்செல்லாம் முடிந்த பிறகு பஞ்சநாதன் மைக்கிடம் வந்தார். அதுவரை அவர் மேடையில் பேசியதே இல்லை. என் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டார்.

"சாமி மேல ஒரு தப்பும் இல்ல. வயசான கை, பந்து தவறி வெளிய போயிடுச்சு. அதையே நெனச்சு சாமி எங்கயும் ஆடப்போறதில்லன்னு சொல்றாங்க. எங்க மனசுல ஒண்ணும் இல்ல சாமி. நீங்க வந்து ஆடணும்."

ஜனங்கள் கைதட்டினார்கள். கீழே எல்லையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

அதனால்தான் காலையில் முதல் வேலையாக இங்கே வந்தேன். மன்னிப்புக் கேட்க வரவில்லை. என்னை என்ன செய்வீர்களோ செய்யுங்கள். ஆனால் இதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், பஞ்சநாதனையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள். அன்று எனக்குக் கை தவறவில்லை. மூன்று நாளும் பந்து நான் நினைத்த இடத்தில்தான் விழுந்தது.